காத்திருப்புத் தெரு

இடது கால் ஷூ ஏறவே மாட்டேன் என்றது. கயிற்றை முழுதாக உருவியாயிற்று. குதிகாலுக்குக் கீழே கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பியும் பார்த்தாயிற்று. நாலு நாளாக வீங்கிக் கிடந்த கால், உயிர் போன பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் மட்டும் கேட்கிற நிலையில் இருந்திருந்தால் இந்நேரம் காலை இழுத்துக்கொண்டு, "ஆளை விடு தாயே, செருப்பே மாட்டிக்கிட்டுப் போறேன்" என்று எழுந்து போயிருப்பான்.

தங்கை நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். செருப்பு போதாதா என்று கேட்டாள்.

"வேண்டாம். விரல் தெரியும்," என்றாள் அண்ணி. "பார்க்கிறவங்க என்னைத்தான் கேப்பாங்க."

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். காலை ஆறரைக்குப் பெரிய மருத்துவமனையில் மூச்சு நின்றது. ஒன்பது மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்தது. அப்போதிலிருந்து வாசல் மிதிக்கிற ஒவ்வொருவரிடமும் அதே பேச்சுதான். புண்ணைப் பார்த்த அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், மூன்று வாரம் அவர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டேன், நான்தான் கொன்றுவிட்டேன். வந்தவர்கள் அப்படியெல்லாம் சொல்லாதே என்றார்கள். சொல்லும்போதே, ஆமாம், மூன்று வாரமாக நீ என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்கிற கேள்வி அவர்கள் முகத்தில் ஓடிற்று. மனிதர்கள் அப்படித்தான். செத்தவரைப் பார்க்க வந்தாலும் பழி யார் மேல் என்று தெரிந்துகொள்ளாமல் திரும்ப மாட்டார்கள்.

அண்ணி அந்தப் புண்ணைப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன்னால். அதற்கும் ஏழு வாரம் முன்னாலேயே அதைப் பார்த்த ஆள் ஒருத்தி உண்டு. அவள்தான் இப்போது கையில் ஷூவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் ஊசி போடாத டாக்டர். வைத்தது அண்ணன். அவள் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் சொல்லித்தருகிறாள். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிப் படிப்புக்குக் கொடுத்த பட்டம். காய்ச்சல் என்று வந்தால் அவளும் நம்மைப் போல மருந்துக்கடையில்தான் போய் நிற்க வேண்டும். அண்ணன் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிற பட்டறை. ஒருதரம் அவன் கையைச் சுட்டுக்கொண்டபோது, பட்டறையில் இருந்தவர் உங்கள் தங்கையைக் கூப்பிடலாமே என்றாராம். "அவ வந்தா மருந்து போட மாட்டா. ஏன் சுட்டுக்கிட்டீங்க, வீட்டுல எத்தனை பேரு, தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போயிடுவா" என்று இவன் சொல்ல, அந்தச் சிரிப்பு வீட்டில் ஒரு வருஷம் ஓடிற்று.

கேலி செய்தானே தவிர, அவள் வேலை என்ன என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. மருத்துவமனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அப்படியும் சில தெருக்களில் மட்டும் மனிதர்கள் ஐம்பதைத் தாண்டுவதற்குள் செத்துப்போகிறார்கள். ஏன்? இருபது வருஷமாக அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்த விடை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கிளினிக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. போனால் அன்றைய வேலை போயிற்று. நோய் முற்றி வேலையே செய்ய முடியாமல் போனால்தான் ஆள் கிளினிக் பக்கம் தலைகாட்டுவான். ஆகவே கிளினிக்தான் வீடு தேடி வர வேண்டும். அந்தந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மாதம் ஒருதரம் வீடு வீடாக அனுப்பி, சர்க்கரை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் எத்தனை பேர் பிழைப்பார்கள்?

அதை நிரூபிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. நாற்பது தெருக்கள். இருபது வருகைத் தெரு, மாதாமாதம் ஆள் வரும். மற்ற இருபது காத்திருப்புத் தெரு, இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் மேலே இருப்பவர்கள் நம்புவார்கள். நம்பினால் நாடு முழுவதும் எல்லாத் தெருவுக்கும் கிடைக்கும். அவள் அதை உண்மையாகவே நம்பினாள், இப்போதும் நம்புகிறாள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தெருக்காரர்கள் எல்லாரும் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் டின்னில் நாற்பது சீட்டு. முதலில் வரும் இருபது, வருகை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் காத்திருப்பு. வேறு யார் எடுத்தாலும் சந்தேகம் வரும், நீங்களே எடுங்கள் என்றார்கள். எடுத்தாள். இருபத்தொன்றாவது சீட்டைப் பிரித்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. அண்ணன் தெரு. பின்வரிசையிலிருந்து அவன்தான் குரல் கொடுத்தான். "என்ன டாக்டரம்மா, எழுத்து தெரியலையா? சத்தமாப் படி." எல்லாரும் சிரித்தார்கள். படித்தாள். சொந்த அண்ணனுக்கே இல்லை என்று படித்தவள், நமக்கா ஓரவஞ்சனை செய்யப் போகிறாள் என்று அன்றைக்கே எல்லாரும் அவளை நம்பிவிட்டார்கள்.

இந்தக் கதையை அவள் போன இடத்திலெல்லாம் சொன்னாள். மாநாட்டு மேடையில் சீட்டைப் பிரிக்கிற மாதிரி கையைக் காட்டி, "என் சொந்த அண்ணனின் தெரு" என்று நிறுத்துவாள். கூட்டம் கைதட்டும். பதினெட்டு மாதத்தில் எத்தனையோ ஊர், எத்தனையோ கைதட்டல். பொல்லாத பெருமை.

காத்திருப்புத் தெருவிலும் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வீடு காகிதத்தில் எண் ஒட்டினார்கள்: எந்தப் பக்கம், எத்தனையாவது சீட்டு, எத்தனையாவது வீடு. முதல் மழையிலேயே முக்கால்வாசி கரைந்துபோயிற்று. அண்ணன் மட்டும் மெல்லிய தகட்டில் ஒரு சட்டம் செய்து, கண்ணாடி போட்டு, எண்ணை அதற்குள் வைத்துக் கேட்டோடு பற்றவைத்துவிட்டான். எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்டதற்கு, இரண்டு வருஷம் கழித்து உன் ஆட்கள் வரும்போது வீடு தெரியாமல் திரும்பிவிடக் கூடாதில்லையா என்றான்.

"பட்டறை ஷூவைக் கொண்டாரேன். அது தொளதொளன்னு இருக்கும்," என்று அண்ணி எழுந்து போனாள்.

கொண்டுவந்தது தடித்த தோல் ஷூ. முன்பக்கமெல்லாம் பொறி பட்டுப் பொட்டுப்பொட்டாகக் கருகியிருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த அட்டையைச் சரிசெய்யத் தங்கை கையை விட்டாள். விரலில் ஏதோ கெட்டியாக இடறிற்று. மிளகளவு இரும்புக் குண்டு. அட்டையை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, அங்கேயே ஆறி இறுகி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கறுப்பு வட்டம்.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெல்டிங் பொறி ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. உணர்ச்சியுள்ள காலாக இருந்தால் அரை நொடியில் ஷூவைக் கழற்றி எறிந்து தெருவையே கூட்டியிருப்பான். சர்க்கரை உணர்ச்சியைத் தின்றுவிட்ட கால். கொதிக்கிற இரும்பை மிதித்துக்கொண்டு அன்று முழுவதும் நின்று வேலை செய்திருக்கிறான். மறுநாளும், அதற்கு மறுநாளும், அந்தக் குண்டின் மேலேயே.

அவள் கையை வெளியே எடுத்தாள். ஷூவை மாட்டினாள். ஏறிக்கொண்டது.

பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அண்ணன் அவள் வீட்டு பால்கனிக்குக் கிரில் மாட்ட வந்திருந்தான். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே நடந்தான். தரையில் ஓரடி விட்டு ஓரடி ஈரத் தடம் விழுந்தது. என்ன அது என்று கேட்டு, உட்காரவைத்து, காலுறையைக் கழற்றச் சொன்னாள். பெருவிரலுக்குக் கீழே சட்டைப் பித்தான் அளவில் ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

"வலிச்சாத்தானே," என்று சிரித்தான். "ஷூ கடிச்சிருக்கும். உங்க அண்ணிகிட்ட சொல்லித் தொலைக்காத, ஊரைக் கூட்டிடுவா."

வலிக்காத புண். அந்தப் படத்தை அவள் எத்தனை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். சர்க்கரை பார்க்கும் மெஷின் நாற்காலியில் இருந்த அவள் பையிலேயே இருந்தது. ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிஷ வேலை. ஆனால் பையில் இருந்த ஸ்ட்ரிப்கள் வருகைத் தெருக்களுக்கு என்று எண்ணி வைத்தவை, உட்கார்ந்திருந்தவன் காத்திருப்புத் தெருக்காரன்.

பணியாளர்களுக்கு அவள் எழுதிக் கொடுத்த கையேட்டில் முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில், வருகைத் தெருவுக்கான விதி இருக்கிறது. 'போகச் சொன்னால் போதாது. கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் மூன்றாம் நாள் திரும்பப் போய்ப் பாருங்கள்.' பதினோராம் பக்கத்தில், சின்ன எழுத்தில், காத்திருப்புத் தெருவுக்கான விதி. 'நோயாளி கண்ணில் பட்டால் கிளினிக்குக்குப் போகச் சொல்லவும். அதற்கு மேல் செய்யக் கூடாது.' செய்தால் ஒப்பீடு கெட்டுவிடும். இரண்டையும் எழுதியது ஒரே கை. போன வருஷம் பணியாளர் ஒருத்தி காத்திருப்புத் தெருவில் ஒரு பெண்ணின் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டு வந்தாள் என்று தெரிந்ததும், எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். இரக்கப்படுவது சுலபம், அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அன்றைக்குத் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனிடமும் பதினோராம் பக்கத்தைத்தான் சொன்னாள். "அண்ணா, நாளைக்கே கிளினிக் போயிடு. விளையாட்டு இல்ல." போகிறேன் என்றான். அவள் டீ போடப் போனாள். அவன் கிரில் மாட்டப் போனான்.

பத்து நாள் கழித்துப் போனில் ஒருதரம் கேட்டாள். ஒரு கேட் முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்றான். அந்த அடுத்த வாரம் என்கிற சொல்லைப் பற்றி அவள் தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாள். வேலையை விட முடியாதவர்களுடைய அடுத்த வாரம் வருவதே இல்லை என்று அதில் இருக்கிறது. சரி அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மணிக்கு உடம்பை எடுத்தார்கள். இரண்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்து திரும்பிவிட்டார்கள். ஒரு மனிதனை வழியனுப்ப ஒன்றே முக்கால் மணி நேரம் தாராளமாகப் போதும் என்று தெரிந்துகொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே விரித்த குடை ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

குடைக்காரம்மா. எந்நேரமும் குடையோடு தெருத் தெருவாக நடப்பதால் பணியாளர்களுக்குள் அவளுக்கு அந்தப் பெயர். போன வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நின்றவளும் அவள்தான். மார்போடு ஒரு அட்டையை அணைத்துப் பிடித்திருந்தாள். அட்டையில் மரணப் படிவம்.

நாற்பது தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். இதுவும் அவள் போட்ட விதிதான். சாவு வீட்டில் போய்ப் பேப்பரை நீட்டுவதா மேடம், பத்து நாள் போகட்டுமே என்று பணியாளர்கள் கெஞ்சினார்கள். அவள் மசியவில்லை. பத்து நாளில் வீட்டார் ஆளுக்கு ஆள் பேசி ஒரு கதையைக் கட்டிக்கொண்டுவிடுவார்கள், கதை கட்டுவதற்கு முன்னால் கேட்டால்தான் நடந்தது கிடைக்கும் என்றாள்.

கேட் பக்கம் போனாள். குடைக்காரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேடம், நான் அடுத்த வாரம் வரட்டுமா? உங்க வீடு இது. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வாரம் வந்து கேட்டால் அண்ணி மூன்று வாரம் என்பாள். மூன்று வாரம் என்று பதிவாகும். பிறகு அதுதான் உண்மை. மாநாட்டில் கை தட்டியவர்கள் நாளைக்கு எழுந்து நின்று மௌனம்கூட அனுசரிப்பார்கள். உள்ளே அண்ணியின் குரல் கேட்டது. தாமதமாக வந்த யாரோ ஒரு பெண்ணிடம் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். பார்த்த அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான்தான்.

தங்கை கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்க."

குடைக்காரம்மா குடையை மடக்கினாள். மடக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நான்கூட அவரைப் பார்த்தேன் மேடம். போன மாசம். நொண்டிக்கிட்டுப் போனாரு. நம்ம தெரு இல்லையேன்னு விட்டுட்டேன்."

தங்கை வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். வாங்க என்று மறுபடி சொன்னாள்.

தாமதமாக வந்த பெண் போகும்வரை காத்திருந்து, கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் மறுக்கவில்லை. எழுதட்டும், எல்லாருக்கும் தெரியட்டும் என்றாள். பெயர், வயது நாற்பத்தொன்பது, தொழில் எல்லாம் ஆயிற்று. எங்கே இறந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் ஆயிற்று. குடைக்காரம்மாவின் குரல் ஒவ்வொரு கேள்விக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழாவது கேள்வியைப் பாதி விழுங்கிக்கொண்டுதான் படித்தாள். நோயை அல்லது காயத்தைக் குடும்பத்தில் முதன்முதலில் பார்த்தவர் யார், எத்தனை நாளுக்கு முன்னால்?

"நான்தான்," என்றாள் அண்ணி. "மூணு வாரம் ஆச்சு. எழுதிக்கோங்க."

பேனா காகிதத்தைத் தொட்டது.

"இல்ல," என்றாள் தங்கை. "நான்தான் முதல்ல பார்த்தேன். பத்து வாரத்துக்கு முன்னாடி. கிரில் மாட்ட வந்தப்ப."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். காலையிலிருந்து அழுது சிவந்த கண்கள். அவற்றில் கோபம் வருவதற்கே இடமில்லாத மாதிரி இருந்தது.

"பத்து வாரமா உனக்குத் தெரியும்."

"தெரியும், அண்ணி."

"காலையிலேருந்து நான் கத்திக்கிட்டே இருக்கேன். பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியே."

உட்கார்ந்துதான் இருந்தாள்.

குடைக்காரம்மா எழுதி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தாள். பார்த்தவர் என்ன செய்தார்? விடைகள் நாலு. ஒன்று, கூட்டிக்கொண்டு போனார். இரண்டு, திரும்ப வந்து பார்த்தார். மூன்று, போகச் சொன்னார். நாலு, ஒன்றும் செய்யவில்லை. நாலையும் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தாள்.

படிவம் தயாரித்தபோது மூன்றும் நாலும் தனித்தனியாக எதற்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, மனசு நோகும், அதனால் மூன்றாவது இருக்கட்டும் என்றாள் அவள். ஆனால் கூட்டும்போது மூன்றையும் நாலையும் ஒரே கட்டத்தில் போடுங்கள், நமக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாள். பயிற்சி வகுப்பில் எல்லாப் பணியாளர்களுக்கும் இதை விளக்கிச் சொல்லியிருந்தாள்.

"மூணு," என்றாள்.

குடைக்காரம்மா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எழுதினாள்.

அண்ணி எழுந்தாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தார்கள். போகவில்லை. சுவரோரம் கிடந்த நல்ல ஷூ இரண்டையும் எடுத்துவந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, இடது கால் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, உருவிப் போட்டிருந்த கயிற்றை ஒவ்வொரு துளையாகக் கோக்க ஆரம்பித்தாள். தங்கை கையை நீட்டினாள். அண்ணி கொடுக்கவில்லை.

படிவத்தில் கடைசியாக வீட்டு எண். அதை வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதக் கூடாது, கேட்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இருவரும் வெளியே வந்தார்கள். குடைக்காரம்மா கேட்டுக்கு முன்னால் குனிந்தாள். மற்ற வீடுகளில் வெறும் பசைத் தடம்தான் மிச்சம். இங்கே தகட்டுச் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், எண் ஒட்டின அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. புறங்கையால் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு அவள் படித்தாள்.

"காத்திருப்பு. இருபத்தொன்னு. பதினேழு."

ஒருவர் படித்தால் இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எண் தப்பாகிவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. குடைக்காரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"காத்திருப்பு," என்றாள் தங்கை. "இருபத்தொன்னு."

சட்டத்தின் பற்றவைத்த ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பதினேழு," என்றாள்.